குழாயின் மென்மை எங்கே போனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டயாலிசிஸ் குடும்பங்களுக்கென்று ஒரு புலனக் குழு இருக்கிறது. யாருக்கு வண்டி வேண்டும், எந்த மருந்து எந்தக் கடையில் தீர்ந்துவிட்டது, மையத்தில் யாருக்கு ஷிப்ட் மாறுகிறது என்றுதான் பெரும்பாலும் அதில் பேச்சு ஓடும். போன மாதம் அதில் ஒரு குரல்பதிவு வந்தது. பேசியவர் யார், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியவில்லை. "ரத்தம் கழுவுற டியூப்புலேர்ந்து பிளாஸ்டிக் விஷம் உடம்புக்குள்ள போகுது, ஆஸ்பத்திரிக்காரங்க மறைக்கிறாங்க" என்றது ஓர் ஆண் குரல். மறுநாள் காலையில் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு பெண் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுடைய மாமனார் அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிமேல் மையத்துக்கு வரமாட்டேன் என்று கட்டிலைவிட்டு எழ மறுக்கிறாராம்.

"அக்கா, நீங்க நர்ஸா இருந்தவங்க. இது உண்மையா பொய்யா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போய் அவருகிட்ட சொல்லிடுறேன்."

ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். பிளாஸ்டிக் குழாயிலிருந்து ரசாயனம் ரத்தத்தில் கலக்கிறது என்பது உண்மை. அதை மறைக்கிறார்கள் என்பது உண்மையில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக எழுதப்பட்டு வருகிற விஷயம் இது. அதற்குப் பயந்து டயாலிசிஸை நிறுத்தினால் சில நாட்களிலேயே உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். டுரியான் காலத்தில் ஒரு முறை மட்டும் மையத்துக்குப் போகாமல் விட்டு, பொட்டாசியம் நிறைந்த அந்தப் பழத்தில் நாலு சுளை சாப்பிட்டு, அவசரப் பிரிவில் போய் விழுந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பெரியவரிடம் நேரில் போய்ப் பேசி, முதலில் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். மற்றதை எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் தம்பியும் அதே மையத்தில்தான் வாரம் மூன்று நாள் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறான். அதனால் இது எனக்கு வெளியார் விஷயம் இல்லை.

பக்கவாதம் வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மூக்கு டியூப் தெரிந்திருக்கும். பால், கஞ்சி, மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான் வயிற்றுக்குப் போகும். போடும்போது அந்தக் குழாய் வளைந்து நெளிந்து மெத்தென்று இருக்கும். விலை குறைந்த பிவிசி டியூப்பை ஒரு வாரம் பத்து நாள் கழித்து வெளியே எடுத்துப் பாருங்கள். வயிற்றுக்குள் கிடந்த பகுதி விறைத்துப் போயிருக்கும். சில சமயம் மடக்கினால் உடைகிற மாதிரிகூட இருக்கும். அதனால்தான் அந்த வகை டியூப்பைச் சீக்கிரம் மாற்றச் சொல்கிறோம். பாலியூரித்தேன், சிலிக்கோன் டியூப்புகள் சில வாரங்கள் தாங்கும். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இதற்கு விளக்கம் சொன்னவர்கள், வயிற்று அமிலம் குழாயைக் கெடுத்துவிடுகிறது என்றார்கள். முழு விளக்கம் வேறு. குழாயை மென்மையாக்கச் சேர்த்திருந்த பொருள் குழாயைவிட்டு வெளியேறிவிட்டது. வெளியேறியது நோயாளியின் வயிற்றுக்குள்.

பிவிசி என்பது இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். வீட்டுக் கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயும் அதே பிவிசிதான். அதை ஆஸ்பத்திரிக் குழாயாக வளைய வைக்க வேண்டுமென்றால் நெகிழியாக்கி ஒன்றைக் கலக்க வேண்டும். மருத்துவக் கருவிகளில் நெடுங்காலமாகக் கலந்து வருவது டிஇஎச்பி (DEHP) என்னும் தாலேட் வகை எண்ணெய். சொட்டுமருந்துப் பையிலும் ரத்தப் பையிலும் எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை அந்த எண்ணெய்தான் இருக்கும். சில குழாய்களில் அதற்கும் மேல். இது பிளாஸ்டிக்கோடு ரசாயனப் பிணைப்பில் இல்லை. வெறுமனே இடையில் நிற்கிறது. நாசி லெமாக் சோறு மடித்த காகிதத்தில் சம்பல் எண்ணெய் ஊறி வெளியே வருவதுபோல, கொழுப்பான எதுவும் தொட்டால் நகர்ந்து போய்விடும்.

கொழுப்பு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். டிஇஎச்பி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சாதாரண உப்புநீர், குளுக்கோஸ் சொட்டுமருந்து ஏற்றும்போது கலப்பது மிகச் சொற்பம். ரத்தத்தில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் அது நன்றாக இழுத்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்பு வழியே ஏற்றுகிற கொழுப்புக் கரைசலும் இழுக்கும். பக்லிடாக்ஸல் என்ற புற்றுநோய் மருந்து எண்ணெய்ப் பசையுள்ள கரைப்பானில் வருவதால், அதைப் பிவிசி பையில் போடக்கூடாது, பிவிசி குழாயில் ஏற்றக்கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கும். கீமோ ஏற்றும்போது நர்ஸ் தனியாக வேறொரு செட்டைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; காரணம் இதுதான். சூடு கூடினால் வெளியேற்றமும் கூடும். தொடுகிற நேரம் நீண்டாலும் கூடும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஜேகரும் ரூபினும். 1970-இல், பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த ரத்தத்தில் இந்தப் பொருள் இருப்பதையும், அந்த ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடல் திசுக்களில் அது போய்ச் சேர்ந்திருப்பதையும் எழுதினார்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த காலம் அது.

அப்படியானால் அது உடம்புக்குள் என்ன செய்கிறது? உள்ளே போன டிஇஎச்பியை உடம்பு எம்இஎச்பி என்ற பொருளாக உடைக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். எலிக்குட்டிகளில் நடந்த சோதனைகளில் அது ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தது. விரைகள் இறங்காமல் போவது, சிறுநீர்த் துளை இடம் மாறி அமைவது போன்ற பிறவிக் குறைகள் வந்தன. கல்லீரல் கட்டிகளும் எலிகளில் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. எலிக்கு வந்தது அப்படியே மனிதருக்கும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எலியில் வளர்ச்சிக் காலத்தில்தான் கேடு அதிகம் என்று தெரிந்தபிறகு, மனிதரில் அந்தப் பருவத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

நான் அதிக காலம் வேலை பார்த்தது குழந்தைகள் வார்டில். அதனால் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

குனிங் என்னும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளைப் பற்றி மலேசியாவில் தெரியாத தாய் இல்லை. பிறந்த சில நாளில் கண்ணும் தோலும் மஞ்சளாகும். கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வீட்டுக்கு வந்து பார்ப்பார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். சிவப்பணு எளிதில் சிதைந்து மஞ்சளைக் கூட்டுகிற ஜி6பிடி குறைபாடு இங்கே பலருக்கு உண்டு. பிறந்தவுடனே தொப்புள்கொடி ரத்தத்தில் அதைப் பரிசோதிப்பது நம் நாட்டில் 1980-களிலிருந்தே நடக்கிறது. அந்தக் குறைபாடு உள்ள வீட்டில் பாச்சை உருண்டை போட்ட துணியைக் குழந்தைக்குச் சுற்றாதீர்கள் என்று எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருப்பேன்! பெரும்பாலான குழந்தைகளுக்கு நீல விளக்கே போதும். மஞ்சள் எல்லை மீறிப் போனால்தான் ரத்தத்தையே மாற்ற வேண்டி வரும். தொப்புள் வழியாகக் குழாய் விட்டு, குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து, தானமாக வந்த ரத்தத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, குழந்தையின் மொத்த ரத்த அளவைப்போல இரண்டு மடங்கு மாற்றுவார்கள். இரண்டரைக் கிலோகூட இல்லாத உடம்பு. மூளை பாதிக்காமல் அந்தக் குழந்தையைக் காப்பாற்றுகிற சிகிச்சை அது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-இல் ஒவ்வொரு சிகிச்சையிலும் எவ்வளவு டிஇஎச்பி உள்ளே போகிறது என்று கணக்குப் போட்டது. நரம்பு வழியே போனால் உடம்பு தாங்கக்கூடிய அளவு என்று, எலிச் சோதனைகளிலிருந்து கணக்கிட்டு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.6 மில்லிகிராம் என்று வைத்தார்கள். சாதாரண சொட்டுமருந்தில் போவது 0.005 அளவுதான், அதை மறந்துவிடலாம். பெரியவர்களின் டயாலிசிஸில் 0.36. பச்சைக் குழந்தைக்கு ரத்தம் மாற்றும்போது 22-க்கும் மேல். தாங்கும் அளவைப்போல முப்பது மடங்கைத் தாண்டிய அளவு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சின்ன உடம்புக்குள் போகிறது. ஒரே நாள் நடக்கிற காரியம்தான், தினமும் போவதில்லை. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு என் பழைய வார்டு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. வென்டிலேட்டர் குழாய், மூக்குக் குழாய், தொப்புள் குழாய், கொழுப்புக் கரைசல் போகும் குழாய் என்று ஒரே குழந்தைக்கு எத்தனை குழாய்கள்! பாஸ்டன் வட்டாரத்து இரண்டு மருத்துவமனைகளில் 54 பச்சைக் குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த வகைக் கருவிகள் அதிகம் பயன்பட்ட குழந்தைகளிடம் எம்இஎச்பி, குறைவாகப் பயன்பட்டவர்களைப்போல் சுமார் ஐந்து மடங்கு இருந்தது.

தாய்மார் இதைப் படித்துப் பதற வேண்டாம். பிறந்தபோது எக்மோ என்னும் இதய நுரையீரல் இயந்திரத்தில் கிடந்து, மிக அதிக டிஇஎச்பி ஏறிய 19 பிள்ளைகளைப் பதின்ம வயதில் அழைத்துப் பரிசோதித்த ஓர் அமெரிக்க ஆய்வும் இருக்கிறது. வளர்ச்சியும் பருவமடைதலும் அவர்களுக்கு இயல்பாகவே இருந்தன. 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. என்றாலும் அது நல்ல செய்தி, அதையும் சொல்ல வேண்டும்.

2002 ஜூலையில் அந்த அமெரிக்க நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவிப்பு விட்டது. ஆண் பச்சைக் குழந்தைகள், ஆண் கருவைச் சுமக்கும் தாய்மார், பருவமடையும் வயதில் உள்ள பையன்கள், இவர்களுக்கு அதிக அளவு ஏறக்கூடிய சிகிச்சை செய்யும்போது மாற்றுக் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள் என்றது. அதே அறிவிப்பில், டிஇஎச்பிக்குப் பயந்து தேவையான சிகிச்சையைக் கைவிடக் கூடாது, கைவிடுவதால் வரும் ஆபத்தே மிகப் பெரியது என்றும் எழுதியிருந்தது. குரல்பதிவு செய்தவர் இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டார். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 2015 ஜூலையிலிருந்து குழந்தைகள் வார்டு, பச்சைக் குழந்தைப் பிரிவு, பிரசவ வார்டு மூன்றிலும் டிஇஎச்பி கலந்த குழாய்களைச் சட்டம் போட்டே தடுத்தது. செய்ய முடிகிற காரியம்தான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி டயாலிசிஸ். எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் முடியாது. கமுனிங், ஹீவூட், எல்பில் என்று சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து வந்து தாமான்களில் குடியேறிய குடும்பங்களில், சர்க்கரை வியாதி இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதன் முடிவு பலருக்குச் சிறுநீரகத்தில் வந்து நிற்கிறது. பெர்க்கேசோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பணம் கிடைப்பவர்கள் உண்டு, அறநிறுவன உதவியில் போகிறவர்கள் உண்டு, கையிலிருந்து போடுகிறவர்களும் உண்டு.

0.36 என்ற எண், 0.6 என்ற எல்லைக்குள் இருக்கிறது. அது ஆறுதல். ஆனால் மூன்று விஷயங்கள் என் மனத்தை விட்டுப் போகவில்லை. முதலாவது, வாரம் மூன்று முறை என்றால் வருடத்துக்கு 150-க்கும் மேல். பத்து வருடம், பதினைந்து வருடம் ஓடுகிற சிகிச்சை இது. அப்புறம், மற்றவர்கள் சிறுநீரில் வெளியேற்றுகிற மிச்சத்தை இவர்களால் வெளியேற்ற முடியாது. பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு கப் சிறுநீர்கூட வராது. கழிவு வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது, அந்தக் கழிவைச் சுத்தம் செய்கிற குழாயே புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. மூன்றாவது, குழாய் மட்டும் காரணமில்லை. இயந்திரத்தில் செங்குத்தாக நிற்கிற டயலைசர் என்னும் வடிகட்டியின் வெளிக்கூடு பலவற்றில் பாலிகார்பனேட், உள்ளே மயிரிழை போன்ற சவ்வு பாலிசல்போன். இரண்டையும் செய்யப் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் தேவை. குழந்தைப் பால் போத்தலில் கூடாது என்று நம் நாட்டிலும் தடுத்த அதே பொருள்தான். டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இது மற்றவர்களைவிட அதிகம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிஸ்பீனால் இல்லாத சவ்வுக்கு மாற்றியபோது அளவு குறைந்ததையும் காட்டியிருக்கின்றன. இதனால்தான் இன்னின்ன வியாதி வந்தது என்று பெரியவர்கள் விஷயத்தில் நிறுவப்படவில்லை. ஆனால் குறைக்க வழி இருக்கும்போது நிறுவப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

பெரியவரிடம் பேசப் போனபோது அவர் ஒன்று சொன்னார். "அந்தக் காலத்துல தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசர் ஐயா கண்ணாடி போத்தலு, ரப்பர் டியூப்புதானே வச்சிருந்தாரு. நாங்க வெட்டுன பாலு. அதுல விஷம் இல்லயே, பிள்ள."

டிரெசர் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளர். அந்தச் சிவப்பு ரப்பர் குழாய்கள் எனக்கும் ஞாபகம் இருக்கின்றன. வெள்ளை எனாமல் தட்டில், கொதித்த தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்து வைத்திருப்பார்கள். இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்துதான் இந்த நாட்டின் ரப்பர் கதையே தொடங்கியது. நம்மவர்கள் விடிவதற்கு முன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வெட்டிய பால் உலகத்தின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போயிருக்கிறது. அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ரப்பரும் கசியும், அதையும் அவரிடம் சொன்னேன். மரத்துப் பாலில் உள்ள புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். எய்ட்ஸ் பயம் வந்து ஆஸ்பத்திரிகளில் கையுறைப் பயன்பாடு பெருகியபோது, உலகம் முழுவதும் எத்தனையோ நர்ஸ்களுக்கு மூச்சிரைப்பும் தடிப்பும் வந்தன. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிற ரசாயனங்களும் மருந்தில் இறங்கும். அந்தக் கண்ணாடி போத்தலும் ரப்பர் குழாயும் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்பட்டவை. கழுவியும் போகாத கிருமிநஞ்சால் காய்ச்சலும் நடுக்கமும் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் அந்தத் தொற்றிலிருந்து காப்பாற்றியது. அதை மறந்துவிட்டுப் பழைய காலமே பொற்காலம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ரத்தசோகைக்கு டயாலிசிஸ் மையத்தில் போடும் ஈபிஓ ஊசி நம் எல்லோருக்கும் பழக்கம். 1998-இல் ஐரோப்பாவில் ஒரு வகை ஈபிஓவின் கலவையை மாற்றினார்கள். மனித ரத்தப் புரதத்துக்குப் பதில் பாலிசார்பேட் 80 என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அதன்பின் சில நோயாளிகளின் உடம்பு சிவப்பணு உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் உயிர் என்ற நிலை. காரணம் தேடியபோது, புதிய கலவை ஊசிக்குள் இருக்கும் ரப்பர் அடைப்பானிலிருந்து எதையோ கரைத்து இழுத்திருக்கலாம் என்பது வலுவான சந்தேகங்களில் ஒன்றாக எழுந்தது. அடைப்பானுக்கு மேல்பூச்சுப் போட்டார்கள், தோலுக்கடியில் போடுவதை நிறுத்தி நரம்பில் போடச் சொன்னார்கள், பாதிப்பும் குறைந்தது. 2001-இல் இன்னும் கொடுமையான ஒன்று. குரோவேஷியாவிலும் ஸ்பெயினிலும் வேறு சில நாடுகளிலும் டயாலிசிஸ் முடித்துப் போனவர்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள். குரோவேஷியாவில் மட்டும் 23 பேர். மொத்தம் 50-க்கும் மேல். ஒரு வகை டயலைசரில் ஓட்டை இருக்கிறதா என்று தொழிற்சாலையில் சோதிக்கப் பயன்படுத்திய திரவம் முழுதாக நீங்காமல் உள்ளேயே தங்கியிருந்தது. ரத்தத்தில் போய்ச் சூடானதும் அது வாயுக் குமிழியாகி நுரையீரலை அடைத்துவிட்டது. அந்த டயலைசர் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. இறந்தவர்களும் என் தம்பியைப்போல வாரம் மூன்று முறை நம்பி வந்து படுத்தவர்கள்தான்.

ஆகவே எந்தப் பொருளும் எதையோ கசியவிடும். எது, எவ்வளவு, யாருடைய உடம்புக்குள் என்று கேட்பதுதான் முறை. இதை மறந்துவிட்டு டிஇஎச்பி முழுக்கக் கெட்டது என்று ஒரே வரியில் முடித்தால் ரத்தப் பையில் போய் இடிப்போம். சிவப்பணுக்கள் பையில் கிடக்கும்போது நாளாக நாளாகச் சிதையும். பையிலிருந்து இறங்குகிற டிஇஎச்பி அந்த அணுக்களின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு சிதைவைக் குறைக்கிறது. ரத்தத்தை 42 நாள் வரை வைத்திருக்க முடிவதில் அதற்கும் பங்கு உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கும் பிரசவத்தில் ரத்தம் போன தாய்க்கும் நள்ளிரவில் பக்கத்து நகரமான ஈப்போவிலிருந்து ரத்தம் வந்து சேர்வது இப்படிச் சேமித்து வைத்ததால்தான். வேறு நெகிழியாக்கி போட்ட பைகளும் இருக்கின்றன. சேமிப்புக் கரைசலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருப்பதால் ரத்தப் பையில் மட்டும் உலகம் மெதுவாக நகர்கிறது. பச்சைக் குழந்தைக்கு ரத்தம் மாற்றும்போது ஐந்து நாளுக்கு உட்பட்ட ரத்தமாகக் கேட்டு வாங்குவது எங்கள் வழக்கம். பழைய ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும் என்பதற்காக. புதிய ரத்தத்தில் டிஇஎச்பியும் குறைவாகவே இறங்கியிருக்கும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

குழாய்களில் இந்தச் சிக்கல் கிடையாது. டிஓடிஎம், டிஐஎன்சிஎச் என்று, டிஇஎச்பியைவிடக் குறைவாக வெளியேறும் நெகிழியாக்கிகள் போட்ட பிவிசி குழாய்கள் பல வருடமாக விற்பனையில் இருக்கின்றன. நெகிழியாக்கியே தேவைப்படாத பாலிஒலிஃபின், சிலிக்கோன், பாலியூரித்தேன் பொருள்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி, உடம்புக்குள் போகிற கருவியிலும் ரத்தமோ மருந்தோ ஓடுகிற கருவியிலும் இப்படிப்பட்ட பொருள் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அதை உறையில் எழுத வேண்டும்; ஏன் மாற்றுப் பொருளைப் போட முடியவில்லை என்று காரணமும் காட்ட வேண்டும். கலிஃபோர்னியா 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சொட்டுமருந்துப் பைகளில் 2030-லிருந்தும், சொட்டுமருந்துக் குழாய்களில் 2035-லிருந்தும் டிஇஎச்பி கூடாது. ரத்தப் பைக்கு விலக்கு உண்டு.

என் கவலை இதுதான். பெரிய நாடுகள் ஒதுக்குகிற பழைய வகைக் குழாய் ஒன்றும் உற்பத்தியிலிருந்து மறைந்துவிடப் போவதில்லை. விலை குறைவாக எங்கே வாங்குவார்களோ அங்கே வந்து சேரும். நன்கொடையில் ஓடுகிற சின்ன ஊர் டயாலிசிஸ் மையம் காசு பார்த்துத்தான் வாங்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் நோயாளி பக்கத்திலிருந்து யாராவது கேட்க வேண்டும் என்கிறேன். நம் ஆட்களுக்கு டாக்டரிடம், மேனேஜரிடம் கேள்வி கேட்பதென்றாலே தயக்கம். தோட்டத்துக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட தயக்கம் அது. பணிவு வேறு, தெரிந்துகொள்ளும் உரிமை வேறு. நம் நாட்டிலும் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம் இருக்கிறது. மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு செய்யாமல் எந்தக் கருவியையும் விற்க முடியாது. எனவே எந்தப் பெட்டிக்கும் ஒரு பதிவும், அதற்குப் பொறுப்பான ஒரு நிறுவனமும் இருக்கும். கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

குழாய் உறையை நீங்களே பார்க்கலாம். பல நிறுவனங்கள் தாலேட் இருப்பதைக் காட்ட ஒரு சிறிய குறியைப் போட்டு, அதன் அருகில் டிஇஎச்பி என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாததைக் காட்ட அதே குறியின் மேல் கோடு போட்டிருக்கும். வீட்டில் மூக்கு டியூப் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை வாங்கும்போது பாலியூரித்தேனா, சிலிக்கோனா என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அடிக்கடி மாற்றுகிற வேதனை நோயாளிக்கு மிச்சம். சொட்டுமருந்து செட், பால் பை எதையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வைக்காதீர்கள்.

தம்பி போகும் மையத்துக்குச் சில குடும்பங்களோடு சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மலாயிலும் தமிழிலும். இப்போது வாங்கும் ரத்தக் குழாய்களில் டிஇஎச்பி இருக்கிறதா. அதே நிறுவனத்திடம் டிஇஎச்பி இல்லாத வகை உண்டா, விலை எவ்வளவு கூடுதல். டயலைசரின் கூடும் சவ்வும் என்ன பொருள். இளவயது நோயாளிகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் முதலில் மாற்ற முடியுமா. இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். பொறுப்பாளர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, அடுத்த கொள்முதலுக்கு முன் விற்பனையாளரிடம் எழுத்தில் பதில் வாங்கித் தருவதாகச் சொன்னார். கூடுதல் விலையைக் கோயில் கமிட்டியும் ஊர் வியாபாரிகளும் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். குரல்பதிவு கேட்டுப் பயந்துபோன பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேறு ஊர் மையங்களில் இதே கேள்வியைக் கேட்க நினைப்பவர்கள் எழுதுங்கள், கடிதத்தின் நகலை அனுப்புகிறேன். பச்சைக் குழந்தை வார்டில் இப்போது வேலை பார்க்கும் தங்கைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஸ்டோரில் இருக்கும் தொப்புள் குழாய், மூக்குக் குழாய் உறைகளை ஒரு தடவை எடுத்துப் பார்த்து, அதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று உங்கள் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். மாற்ற வேண்டும் என்றால் முதலில் அங்கேதான் மாற்ற வேண்டும்.